குச்சி நட்ட இரண்டு சால்

பெரியம்மாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்கு ஒன்பது வயதில் அப்படி ஒரு நாள் முழுக்க அவரைப் பேசவிடாமல் செய்த பெருமை என்னுடையது.

எங்கள் வீட்டில் தறி. பெரியம்மாவுக்குச் செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலம். பள்ளி இல்லாத நாட்களில் அங்கேதான் கிடப்பேன். ஒருநாள் கிராம சேவகரிடமிருந்து அவர் ஒரு பொட்டலம் கறுப்புப் பொடி வாங்கி வந்தார். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றனவாம். வேர்க்கடலை விதையில் பூசி விதைத்தால் வேரில் குடியேறி, காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்குமாம். பெரியப்பா சிரித்தார்.

"அடுப்புக்கரி வாங்கவா அவ்ளோ தூரம் போயிக்கினு வந்தே?"

பாதி நிலத்துக்குத்தான் சம்மதித்தார். பலன் இல்லையென்றால் இனி விதை விஷயத்தில் பெரியம்மா வாய் திறக்கக் கூடாது என்று பேச்சு.

ஆறிய கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையில் பூசி, மாட்டுக் கொட்டகை நிழலில் முறம் முறமாகப் பரப்பிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. கஞ்சி போட்ட பாவு நூல் வெயிலில் காயவேண்டும் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். ஒரு முறத்தைத் தூக்கிப்போய் உச்சி வெயிலில் வைத்தேன். கனம் தாங்காமல் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். பெரியம்மா வந்து பார்த்தபோது விதை தொட்டால் சுட்டது.

"அதுல உயிர் இருக்குது கண்ணு. வெயில்ல செத்துப்பூடும்."

அதோடு பேச்சு நின்றது. ஆனால் அந்த விதையை அவர் கொட்டிவிடவில்லை. தன் பாதியின் நடுவே இரண்டு உழவுச் சாலில் தனியாக விதைத்து, இரண்டு முனையிலும் குச்சி நட்டுவைத்தார்.

செடி பூக்கும்போது பெரியம்மாவின் பாதி கரும்பச்சையாக நின்றது. பெரியப்பா அசரவில்லை. "எல்லாம் கஞ்சி செய்யிற வேல," என்றார்.

பெரியம்மா அவரைக் குச்சி நட்ட இடத்துக்கு அழைத்துப்போனார். அங்கே செடி வெளிறியிருந்தது. ஒன்றைப் பிடுங்கினார், வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சு. பக்கத்துச் சாலில் ஒன்றைப் பிடுங்கினார்; வேரெல்லாம் கடுகு கடுகாக அந்த நுண்ணுயிர்கள் குடியேறிய முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே ரத்தச் சிவப்பு.

"இதுவும் அதே கஞ்சி குடிச்சதுதான். பாப்பா வெயில்ல வெச்சது."

பெரியப்பா இரண்டு வேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அடுத்த தபா மொத்தத்துக்கும் வாங்கியாந்துடு," என்றார்.

எப்பேர்ப்பட்ட மூளை பெரியம்மாவுக்கு என்று இன்றும் வியக்கிறேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது 'பாப்பா வெயில்ல வெச்சது' மட்டும்தான். என் தப்பை ஊருக்குக் காட்டவே குச்சி நட்டிருக்கிறார் என்று எண்ணி, அதைப் பிடுங்கிப் போடச் சொல்லி அழுதேன். முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாரே தவிர, குச்சியை அவர் தொடவேயில்லை.