எட்டாவது கிரகத்தில் எங்கள் ஆள்

கைபேசியில் ஒரு விளையாட்டை இறக்குவதற்கு முன்னால், அதற்கு எத்தனை நட்சத்திரம் கிடைத்திருக்கிறது என்று என் பிள்ளைகள் நீங்கள் இருவரும் பார்க்கிறீர்கள். கீழே யாரோ ஒருவர் "மொக்கை" என்று எழுதியிருந்தால் அதோடு அந்த விளையாட்டின் கதை முடிந்தது. பரவாயில்லை, பார்த்து வாங்குவது நல்லதுதான். ஆனால் ஒரு வீடியோ விளையாட்டுக்கு ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் ரோடே கூடி நின்று விமர்சனம் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு நாலாம் வகுப்பு.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர் என் சித்தப்பா, என் அப்பாவின் தம்பி. சிங்கப்பூர் போவதற்கு முன்னால் அவர் திருச்சியில் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து எல்லோரும் சென்ட்டும் சேலையும் கொண்டுவருவார்கள். இவர் பித்தான்கள் வைத்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதை டி.வி.யோடு இணைத்து, டேப்ரிக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டு ஓடவிட்டால், கொஞ்ச நேரம் கீச்கீச்சென்று காது கிழியக் கத்தும். பிறகு திரையில் ஒரு விண்வெளி வீரன் வந்து நிற்பான். அவனுடைய ராக்கெட் ஏதோ ஒரு கிரகத்தில் விழுந்து உடைந்துவிட்டது. குகை குகையாக நுழைந்து, நெருப்பாற்றைத் தாண்டி, பல்லுள்ள பிராணிகளிடமிருந்து தப்பி, ராக்கெட்டின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து, அவன் வீடு திரும்ப வேண்டும். அதுதான் விளையாட்டு.

மற்ற ஊர்களில் இந்த மாதிரிக் கடை வைத்தவர்கள் வருகிறவர்களை விளையாடவிட்டுக் காசு வாங்கினார்கள். சித்தப்பாவுக்கு அது தோன்றவே இல்லை. இருட்டறையில், திரையில் ஒன்று ஓடினால் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதுதான் அவர் கற்ற தொழில். மூடிக் கிடந்த சைக்கிள் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பெஞ்சு போட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, முன் வரிசைக்கு ஒரு விலை, நாற்காலிக்கு ஒரு விலை என்று டிக்கெட் அச்சடித்தார். மணி அடித்துக் காட்சி தொடங்கும். இடைவேளையில் முறுக்கு உண்டு. கேசட் கத்துகிற நேரத்துக்கு, தியேட்டரில் படத்துக்கு முன்னால் ஓட்டுகிற 'நியூஸ்ரீல்' என்று பெயர் வைத்தார். வாசலில் பெரிய எழுத்தில் பலகை: 'எட்டாவது கிரகத்தில் எங்கள் ஆள்'. அவர் பித்தான்களை அழுத்தி விளையாடுவார். திரையில் யாரும் பேசமாட்டார்கள் என்பதால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று கதை சொல்லும் வேலை எனக்கு.

அப்பாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "ஆடிப்பெருக்கு வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஓடலைன்னா பெட்டியை வித்துட்டு முசிறி ரைஸ்மில்லுக்குக் கணக்கு எழுதப் போ. நான் சொல்லி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா தலையாட்டினார். ரைஸ்மில் என்ற பேச்சை எடுத்தாலே அவர் முகம் தவிடு படிந்த மாதிரி ஆகிவிடும்.

முதல் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். நம் ஆள் இரண்டாவது குகையிலேயே பிராணி வாயில் போய் விழுந்தான். சித்தப்பா விளக்கைப் போட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, அவ்வளவுதானா?" என்றார் பூக்கடைக்காரர்.

"ஆள் செத்துட்டான்ங்க" என்றார் சித்தப்பா.

"ஹீரோ எப்படிங்க சாவான்? கிளைமாக்ஸ் போடுங்க."

நம் ஊர் வழக்கப்படி வாசலில் அடுத்த காட்சிக்கு நின்றவர்கள், வெளியே வந்தவர்களை மடக்கிப் "படம் எப்படி?" என்று கேட்டார்கள். பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஹீரோவுக்கு முகமே தெரியவில்லை, அரைமணியில் ஆளைக் கொன்றுவிட்டான் என்று பூக்கடைக்காரர் பூத்தொடுத்தபடி தீர்ப்புச் சொன்னார். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, "ஏண்டா, அவ்ளோ தூரம் ஒருத்தனை ஒண்டியா அனுப்புவாளோ? துணைக்கு ஒருத்தர் கூட வேண்டாமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். லால்குடியிலிருந்து ரயிலில் கீரை கொண்டுவந்து விற்கிற அம்மாள்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

"எட்டாவது கிரகம் எது தெரியுமா? ராகு. நீ ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குக் காட்டுற. ராகு காலம். ராகு காலத்துல ராகு வீட்டுக்குள்ள போனா உயிரோட வருவானா? சரி, அவனுக்கு அம்மா அப்பா யாரும் இல்லையா?"

அடுத்த காட்சிக்கு யாரும் டிக்கெட் வாங்கவில்லை. மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய மாஸ்டர் மட்டும் இறங்கி வந்தார். "தம்பி, உங்க நியூஸ்ரீல் கத்துற கத்துல என் பசங்களுக்கெல்லாம் ஸ்பீடு போயிடுச்சு."

சித்தப்பா சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் ராகு கால நேரத்தை மட்டும் தவிர்த்துக் காட்சி நேரத்தை மாற்றினார். எனக்கோ கீரைக்காரம்மாள் கேட்ட கேள்வி மனதில் நின்றுவிட்டது. மறுநாள் வந்திருந்த நாலைந்து பேர் முன்னால் ஸ்டூலில் ஏறி நானாகவே அடித்துவிட்டேன்: "இதோ, நம்ம ஆள்! சொந்த ஊர் லால்குடி. அம்மா வாசல்ல நின்னு வழி பாத்துக்கிட்டு இருக்காங்க. தீபாவளிக்கு வரேன்னு சொல்லிட்டுப் போனவன்!"

சித்தப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கீரைக்காரம்மாள் "ஐயோ, எங்க ஊருப் பையனா!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று நம் ஆள் நெருப்பாற்றைத் தாண்டிவிட்டான். பிறகுதான் செத்தான். மறுநாள் இன்னும் ஒரு குகை தள்ளிச் செத்தான். இந்தச் செய்தி ரோடு முழுக்கப் பரவியது. சினிமாவில் எத்தனை தடவை பார்த்தாலும் ஹீரோ ஒரே இடத்தில்தான் அடிவாங்குவான். இங்கே தினமும் வேறு கதை. டீக்கடையில் "நம்ம ஆள் எதுவரைக்கும் போனான்?" என்பதே பேச்சு. போன வாரம் காறித் துப்பிய பூக்கடைக்காரர், "பாட்டு இல்லாட்டி என்னங்க, விறுவிறுப்பா இருக்கு" என்று மாற்றிச் சொன்னார். கீரைக்காரம்மாள் ராகு காலத்தில் எலுமிச்சம்பழ விளக்கு ஏற்ற ஆரம்பித்தார். லால்குடி ரயிலில் அவர் சொல்லியே ஒரு பெஞ்சு ஆள் சேர்ந்து வந்தது.

இந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரே ஒரு எதிரி. டைப்ரைட்டிங் மாஸ்டரின் மகள். மாடியில் பெண்களுக்கு டைப் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் இரண்டு தோழிகளோடு இறங்கிவந்து கடைசி பெஞ்சில் உட்கார்வாள். படத்தைப் பார்க்கவே மாட்டாள். சித்தப்பாவின் விரல்களைத்தான் பார்ப்பாள். காட்சி முடிந்ததும் என்னைக் கூப்பிடுவாள்.

"தம்பி, உங்க சித்தப்பாவுக்கு எத்தனை விரல்? கோழி கொத்துற மாதிரி ரெண்டே விரலால தட்டுறாரே, மத்ததெல்லாம் எதுக்கு? சாப்பிடவா?"

எனக்கு அழுகையே வந்துவிடும். ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொல்வேன். அவர் கோபப்பட வேண்டுமா இல்லையா? சிரிப்பார். "மீதி விரலை அவங்க வாடகைக்குத் தருவாங்களான்னு கேட்டுட்டு வா" என்பார். நான் மூச்சு வாங்க ஓடிப்போய் அப்படியே கேட்டேன். தோழிகள் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அவள் வாடகை எவ்வளவு என்று சொல்லவே இல்லை. பிறகு எப்படிப் பேரம் படியும்?

இன்னொன்றும் கவனித்தேன். அவள் வந்த நாளெல்லாம் நம் ஆள் கடைசிக் குகை வரைக்கும் அற்புதமாகப் போவான். ராக்கெட் கண்ணெதிரே நிற்கும். அங்கே போய் தொப்பென்று விழுந்து சாவான். இது கண் திருஷ்டிதான் என்று முடிவுகட்டி, அவளுக்கு டிக்கெட் தரக்கூடாது என்று அம்மாவிடம் சிபாரிசுக்குப் போனேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "உனக்கு ஏண்டா இந்த வேலை, போய்ப் படி" என்றார். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

ஆனி போய் ஆடி வந்தது. ஜனங்களுக்கு மெல்ல அலுத்துவிட்டது. "இவர் முடிக்கவே மாட்டாருப்பா" என்ற புது விமர்சனம் கிளம்பியது. பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. அப்பா தினமும் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்ப்பார். ஒருநாள் காலை, ஸ்கூலுக்குப் போகும் வழியில் சித்தப்பாவுக்கு இட்லி கொடுக்கக் கடைக்குள் நுழைந்தேன். திரையில் நான் பார்த்தே இராத ஒரு படம். ராக்கெட் நட்சத்திரங்களுக்கு நடுவே பறந்துகொண்டிருந்தது. கீழே கிரகம் எலுமிச்சம்பழம் போலச் சிறுத்துப்போயிருந்தது. சித்தப்பா சட்டென்று ஸ்விட்சை அணைத்தார்.

"என்ன சித்தப்பா அது?"

"ஒண்ணுமில்லடா. கேசட்டோட விளம்பரம். யார்கிட்டயும் சொல்லாத."

விளம்பரத்தில் சொல்லக்கூடாதது என்ன இருக்கிறது என்று யோசித்தபடியே ஸ்கூலுக்குப் போனேன்.

ஆடிப்பெருக்கு வந்தது. காவிரி படிக்கட்டுகளை மூழ்கடித்துக்கொண்டு ஓடியது. அம்மா மண்டபம் ரோட்டில் எள் போட்டால் எள் விழாது. புது மணப்பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்தார்கள். பிள்ளைகள் சின்னச் சப்பரங்களைக் கடகடவென்று இழுத்துப் போனார்கள். சித்தப்பா வாசல் பலகையில் சுண்ணாம்பால் எழுதினார்: 'இன்று கடைசிக் காட்சி'.

அந்த ஒரு வரிக்குக் கூட்டம் பிய்த்துக்கொண்டது. புளியோதரைத் தூக்குகளோடும் தேங்காய்ச் சாதப் பாத்திரங்களோடும் ஆற்றங்கரையிலிருந்து நேரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடை முழுக்கப் பெருங்காய வாசனை. அப்பா வந்தார், முகத்தில் ரைஸ்மில்லோடு. மாஸ்டர் வந்தார். கீரைக்காரம்மாள் முன் பெஞ்சில். மாஸ்டரின் மகள் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில்.

நான் தொண்டை கிழியக் கதை சொன்னேன். நெருப்பாறு தாண்டியாயிற்று. பிராணிகளைத் தாண்டியாயிற்று. கடைசிக் குகை. அப்போது சித்தப்பா ஒரு பித்தானை அழுத்தினார். நம் ஆள் அப்படியே நின்றான். சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"மன்னிக்கணும். இதுக்கு மேல என்னால ஆகாதுங்க. பத்து விரலும் வேலை செய்யறவங்க யாராவது வந்து இவனை ஊருக்கு அனுப்பி வைங்க."

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். தோழிகள் பின்னாலிருந்து அவளைத் தள்ளினார்கள். அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவள் எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பித்தான்கள் மேல் பத்து விரல்களையும் வைத்தாள்.

பித்தான்களை அவள் குனிந்து பார்க்கவே இல்லை. திரையைத்தான் பார்த்தாள். நம் ஆள் தாவினான், குனிந்தான், திரும்பினான், பாறைக்கு அடியில் நுழைந்தான். அத்தனை நாள் தப்புத்தப்பாக நடந்தவன் அன்று புதிதாகக் கால் முளைத்தவன் போல ஓடினான். ராக்கெட் கதவு திறந்தது. நான் சொல்ல வேண்டிய வசனமெல்லாம் மறந்துபோய், "லால்குடி வந்துடுச்சு! லால்குடி வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

ராக்கெட் மேலே கிளம்பியபோது கடையின் கூரை பறந்ததோ என்று தோன்றியது. விசில், கைதட்டல். பூக்கடைக்காரர் ஒரு கூடை உதிரிப்பூவை அள்ளித் திரையில் வீசினார். கீரைக்காரம்மாள் ஆற்றுக்குக் கொண்டுபோய் மிச்சமிருந்த சூடத்தைத் தட்டில் ஏற்றி டி.வி. பெட்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். "என் பொண்ணு! டைப்ரைட்டிங் ஹையர் பாஸ்!" என்று மாஸ்டர் யாரென்று தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா, எங்கள் அப்பா, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அவருக்கு அது தெரியும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கூச்சலில் திரையைச் சரியாகப் பார்த்தேன். நட்சத்திரங்கள், நடுவே ராக்கெட், கீழே எலுமிச்சம்பழம் போல கிரகம். "சித்தப்பா, இது அந்த விளம்பர..." என்று ஆரம்பித்தேன். அவர் என் வாயைப் பொத்தி என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை. "அந்தப் பொண்ணு ஆடும்போது நாங்க ஆடக்கூடாதா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் சித்தப்பாவுக்கு மற்ற ஊர்க்காரர்களின் தொழில் புரிந்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினார். வருகிறவர்களே விளையாடினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துக் காலேஜ் பையன்கள் வந்தார்கள். அப்பா அதற்கப்புறம் ரைஸ்மில் பேச்சையே எடுக்கவில்லை.

தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம். பெண் யார் என்று தெரிந்தபோது எனக்கு அதிர்ச்சி. ஊரில் வேறு பெண்ணா இல்லை? கோழி என்று சொன்னவள் கழுத்தில் போய் மாலை போடுகிறாரே! எனக்கு அவருக்காக மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போகும்போது அவர் வேட்டியைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்களே ஜெயிச்சிருக்கலாமே சித்தப்பா? அந்தப் படம் உங்களுக்கு முன்னாடியே வந்துச்சே. நான் பார்த்தேனே."

அவர் மாலை நசுங்கக் குனிந்து, என் காதருகில், "ஜெயிச்சுட்டேனேடா" என்றார். பக்கத்தில் புதுச் சித்தி வேறு எங்கோ பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பாவம், தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, எனக்கு வைத்த ஜாங்கிரியை எடுத்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் இலையில் வைத்தேன்.