தேங்காய் எண்ணெய் தடவியவர் ஏழுமலை அல்லர்

ஏழுமலை இறந்துவிட்டார். நேற்று மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாராம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ரைஃபிள் கிளப்பைத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு: தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறுதோறும் பக்கத்திலுள்ள ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் ஏர் ரைஃபிள்களுக்குக் காற்று நிரப்பித் தந்தவர்.

ஆமாம், எனக்கு எழுபத்தொரு வயது, நான் துப்பாக்கி சுடுகிறேன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றபின் பஜனைக்குப் போகப் பிடிக்கவில்லை. அதைப் பற்றிக் கமெண்டில் யாரும் வியக்க வேண்டாம்.

எங்கள் ரைஃபிளின் குழலுக்கு அடியில் ஒரு சிறிய சிலிண்டர் இருக்கும். அதில் கார் டயரைப் போலக் கிட்டத்தட்ட நூறு மடங்கு அழுத்தத்தில் காற்றை ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏறியது என்பதை அதிலுள்ள அழுத்தமானியின் முள் காட்டும். அதற்கென்று கையில் தூக்கிப் போகும் கம்ப்ரசர் ஒன்று கிளப்பில் உண்டு. சின்ன சூட்கேஸ் அளவுதான், கார் பேட்டரியில் ஓடும்.

ஏழுமலை அதைச் சற்று நேரம் ஓட்டுவார், நிறுத்துவார். வால்வைத் திறந்து, காற்றின் ஈரத்தால் உள்ளே சேர்ந்த தண்ணீரை வெளியேற்றுவார். பிறகு சிலிண்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

“என்ன ஏழுமலை, ஜுரம் பார்க்கிறீங்களா?” என்பேன்.

“சிரிங்க டீச்சர். சூட்டுல முள்ளு எரநூறு காட்டும், ஆறுச்சுன்னா நூத்தியெம்பதுக்கு எறங்கிடும். அப்பால என்னாண்டதானே வந்து பேஜார் பண்ணுவீங்க?”

சூடு தணிந்தால் காற்றின் அழுத்தமும் குறையும் என்ற அந்த விதியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதியவள் நான். ஒரு மாணவியைக்கூடச் சூடான சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதாக நினைவில்லை.

இன்னொன்றும் சொல்வார். “கடசி வரிக்கும் சுட்டுத் தீக்காதீங்க. நூறுல நிறுத்திடுங்க. உள்ள கொஞ்சம் காத்து இருந்தாத்தான் சீலு ஒழுங்கா குந்திக்கினு இருக்கும்.”

இனி, இந்தப் பதிவை எழுதும் காரணம்.

சென்ற ஆண்டு திருவள்ளூரிலிருந்து ஒரு குழு எங்களோடு போட்டிக்கு வந்திருந்தது. அன்று காலை ஏழுமலையின் பஸ் தாமதம். எனக்குப் பொறுமை கிடையாது... நானே நிரப்பலாம் என்று உட்கார்ந்தேன்.

கம்ப்ரசர் குழாயின் முனையில் இருந்த ரப்பர் வளையம் இறுகிப்போய் ரைஃபிளுக்குள் நுழைய மறுத்தது. என் கைப்பையில் தேங்காய் எண்ணெய் இருந்தது. தடவினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

ஸ்விட்சில் விரல் வைத்தபோது ஏழுமலை வாசலில் நின்று மோப்பம் பிடித்தார்.

“இன்னா டீச்சர், துப்பாக்கிக்குத் தல வாரி வுட்டீங்களா?”

கேட்டு முடிப்பதற்குள் பேட்டரி ஒயரைப் பிடுங்கியிருந்தார். சிரித்தார். ஒயரை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

அந்த அழுத்தத்தில் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றும். டீசல் எஞ்சின் ஓடுவது அப்படித்தான். அதுவும் நான் நடத்திய பாடம். என் முகம் ரைஃபிளுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

இருந்தது ஒரே குழாய். அதை முழுக்கக் கழுவிக் காயவைக்காமல் யாருக்கும் மாட்டமாட்டேன் என்றுவிட்டார். போட்டி நின்றது. வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

“எண்ணெய் போட்டது யாருய்யா?” என்று கிளப் செயலாளர் கத்தினார்.

நான் வாயைத் திறந்தேன்.

“நான்தான் சார். தெரியாம ஆயிப்போச்சு” என்றார் ஏழுமலை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

“இத்தினி வருசம் ஃபிட்டரா இருந்து இன்னாத்தக் கழட்டுன?” எல்லார் முன்னிலையிலும். ஒரு மாதத்துக்குக் கம்ப்ரசரைத் தொடக்கூடாது என்றும் உத்தரவு.

அந்த மாதமும் ஞாயிறு தவறாமல் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து வேறொருவர் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் வேகமாக ஏறினால் இருமுவார்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் எல்லார்கிட்டேயும் சொல்லிடறேன்” என்றேன் ஒரு நாள்.

“வுடுங்க டீச்சர். என்னைத் திட்டுனா அடுத்த ஞாயித்துக்கெயம நான் வந்துடுவேன். உங்களத் திட்டுனா வருவீங்களா?”

வந்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் சொல்லவில்லை... அந்த வாரமும், அதற்குப் பிறகு வந்த எந்த வாரமும்.

இன்று ஆரணியில் மாலை வைத்துவிட்டு நகர்ந்த செயலாளர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “தங்கமான மனுஷன். அந்த எண்ணெ மேட்டர்லதான் ஒரே ஒரு வாட்டி கோட்ட வுட்டுட்டாரு.”

தலைமாட்டில் இருந்த அவர் மகள் செல்வி நிமிர்ந்து பார்த்தாள். “நைனா அப்டி செய்யமாட்டாரே...” என்றாள். அவள் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். மறுபடியும் சொல்லவில்லை. வீடு வந்து செருப்பைக் கழற்றியதும் எழுதுகிறேன்.

செல்வி, உன் நைனா செய்யவில்லை. நான் செய்தேன்.

செயலாளரை டேக் செய்திருக்கிறேன். கிளப் குரூப்பில் யாரேனும் ஷேர் செய்துவிடுங்கள், ஒருவர் விடாமல் படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வருவேன். திட்ட வேண்டியவர்கள் அங்கே வைத்துத் திட்டலாம்.

ரைஃபிளில் போன வாரம் அவர் நிரப்பிய காற்று இருக்கிறது. முள் நூற்றெண்பதில் நிற்கிறது. சுடுவேன்... நூறில் நிறுத்திக்கொள்வேன்.

போய் வாருங்கள், ஏழுமலை.