மிதிபட்ட மண்

நாற்பது வயதுக்குக் கிட்டத்தான் நான் ஓடத் தொடங்கினேன். பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். அரசாங்கக் கச்சேரியில் காலை முதல் மாலைவரை நாற்காலி தேய்க்கிற எனக்கு நடப்பது அலுப்பாக இருந்தது, அதனால் ஓடினேன். விடியற்காலையில் நான் இருக்கிற உடுவிலின் குறுகிய ஒழுங்கைகளால் ஓடும்போது படலையடியில் நிற்கிறவர்கள் கேட்பார்கள்.

"என்ன தம்பி, ஆர் கலைக்கிறது?"

"சீனி கலைக்குது அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போவேன். அவர்கள் சிரிப்பார்கள். யாராவது கலைத்துத் துரத்தினால்தான் மனிதன் ஓடுவான் என்பது எங்கள் சனத்துக்கு அனுபவத்தால் தெரிந்த விஷயம். சும்மா ஓடுகிறவனை அவர்கள் அதிகம் கண்டதில்லை.

இரண்டு வருடத்தில் தார் றோட்டு சலித்துவிட்டது. அந்த நேரம்தான் எங்கள் பக்கத்தில் நீண்டதூரக் காட்டோட்டப் போட்டிகள் நடக்கத் தொடங்கின. காட்டோட்டம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். யாழ்ப்பாணத்தில் காடும் இல்லை, மலையும் இல்லை. வயல் வரம்பு, பனங்கூடல், உவர்த் தரவை வெளி, மணல் மேடு, அவ்வளவுதான். மரங்களிலும் தடிகளிலும் சிவப்பு நாடா கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஐம்பது கிலோமீற்றர் ஓடவேண்டும். கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆறேழு கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், கோயில் திருவிழாவில் போலவே.

நான் எப்போதும் நடுக் கூட்டத்தில்தான் ஓடுவேன். கூட ஓடுகிறவர்கள் அதை என் அடக்கம் என்று நினைத்தார்கள். உண்மை அதுவல்ல. எனக்கு முன்னால் ஐம்பது பேராவது மிதித்துவிட்டுப் போன மண்ணில்தான் நான் கால் வைப்பேன். மற்றவர்கள் நாடாவைப் பார்த்து ஓடுவார்கள், நான் முன்னே போனவரின் குதிக்காலைப் பார்த்து ஓடுவேன்.

முதல் போட்டியில் இது என்னைச் சந்தி சிரிக்க வைத்தது. ஒரு தரவையில் எனக்கு முன்னே போனவர்கள் பார்வையிலிருந்து மறைந்துவிட்டார்கள். எதிரே முழங்கால் உயரப் புல். புல்லுக்கு அந்தப் பக்கம் நாடா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சுவடு ஒன்றும் தெரியவில்லை. நான் திரும்பிப் போய், றோட்டைப் பிடித்து, நாலு கிலோமீற்றர் கூடச் சுற்றி வந்து மறுபடி பாதையில் ஏறினேன். போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். குறுக்கால் ஓடிப் பிடிபட்டவர்கள் உண்டாம், கூடுதலாக ஓடிப் பிடிபட்டவன் நான் ஒருவன்தான்.

"அண்ணை, அது வெடியெல்லாம் எடுத்துச் சான்றிதழ் குடுத்த காணி. மாடு மேயுது, நீங்கள் பயப்பிடுறியள்" என்றார் போட்டி நடத்தியவர்.

சான்றிதழ் காணிக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், என் காலுக்கு யாரும் கொடுக்கவில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டி வரும்.

மற்றது இதுதான். அப்போது எனக்குப் பதினாறு வயது, கூடப்பிறந்த அண்ணைக்குப் பத்தொன்பது. சண்டையில் தென்மராட்சி முழுதாகக் காலியாகி, பிறகு பாதை திறந்த காலம். வீடு இருக்கிறதா என்று பார்த்துவர அம்மா எங்கள் இருவரையும் அனுப்பினார். பஸ்ஸில் வந்து பெரிய றோட்டில் இறங்கி, மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், உள்ளே நடந்தோம். வழியில் ஒரு குருவியைத் தவிர உயிர் ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, சுவர் மட்டும் நின்றது. படலையிலிருந்து கிணற்றடிவரை நடந்து தேய்ந்த ஒரு வழி இருந்தது. அதை விட்டு இறங்கக்கூடாது என்று அம்மா எங்கள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

வீட்டு வளவின் மூலையில் எங்கள் தேசிமரம் மட்டும் ஒன்றுமே நடவாதது போல எலுமிச்சையாய்க் காய்த்துக் குலுங்கியது. "அம்மாவுக்கு நாலு பிடுங்கிக்கொண்டு போவம்" என்று அண்ணை இறங்கினார். பத்துப் பன்னிரண்டு அடி போயிருப்பார். மிதிவெடி.

புகை அடங்கியதும் அவர் விழுந்து கிடப்பது தெரிந்தது. "தம்பி, இஞ்சை வாடா" என்றார். நான் வழியின் ஓரத்தில் நின்றேன். என் கால் எழும்பவில்லை. "அண்ணை, நான் ஓடிப்போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன். "போகாதை" என்றார். நான் ஓடினேன்.

மூன்று கட்டையும் நிற்காமல் ஓடினேன். பெரிய றோட்டில் மிதிவெடி அகற்றுகிறவர்கள் இருவர் நின்றார்கள். அவர்கள் வந்து, ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்த்து, அவரைத் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. ஆள் பிழைத்துவிட்டார்.

அன்று தொடக்கம் நான் ஊரில் வீரன். மூன்று கட்டை மூச்சு விடாமல் ஓடி அண்ணனைக் காப்பாற்றியவன். என் கலியாண வீட்டில்கூட மாமா ஒருவர் எழும்பி நின்று இதைச் சொன்னார். வளவுக்குள் இறங்காமல் விட்டது எவ்வளவு புத்தி, இறங்கியிருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் கால் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லவேண்டியவர் மட்டும் சொல்லவில்லை. அண்ணை பக்கத்திலேயே இருப்பார், பேச்சு முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு வேறு கதைக்குப் போய்விடுவார்.

இன்றைக்கும் அவர் அதே வளவில்தான் இருக்கிறார். தண்ணீர் இறைக்கிற மெசின்கள் திருத்துகிறார். செயற்கைக் காலோடு ஸ்கூட்டர் ஓடுவார். என் போட்டிகளுக்கெல்லாம் என்னை ஏற்றிக்கொண்டு போய்விடுவதும், முடிவிடத்தில் காத்து நிற்பதும் அவர்தான். ஏன் வருகிறார் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு நான் ஓடியதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்றும் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது, அந்தப் பதிலுக்குத்தான் பயமாகவும் இருந்தது.

இருபத்தைந்து, முப்பது கிலோமீற்றர் தாண்டி உடம்பு களைக்கிற நேரத்தில் முதுகுக்குப் பின்னால் அது கேட்கும். "போகாதை." உரத்த குரல் அல்ல, சாதாரணமாகச் சொல்கிற குரல். நான் இன்னும் வேகமாக ஓடுவேன். செத்தவர்கள் வந்து கூப்பிட்டால் ஐயரிடம் போய்ச் சாந்தி செய்யலாம். கூப்பிட்டவர் உயிரோடு, முடிவிடத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எனக்காகப் பால் விடாத பிளேன்ரீயோடு காத்திருக்கிறார். இதற்கு எந்த ஐயரிடம் போவது?

போன வருடப் போட்டி தென்மராட்சிக் கடனீரேரிக் கரையில் தொடங்கியது. வெளிச்சம் வருகிற நேரம் அண்ணை என்னை இறக்கிவிட்டு, "மெல்லப் போ, வெயில் எரிக்கும்" என்றார். வரணிப் பக்கத்தால் போய், நீரேரியைக் கடந்து, வடமராட்சி மணல் மேடுகளால் ஏறிக் கடற்கரையில் முடிகிற பாதை. நான் வழக்கம்போல நடுவில்தான் ஓடினேன். முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு ஒரு தரவை வந்தது. முன்னால் போனவர்கள் தூரத்தில் தெரிந்தார்கள், பின்னால் யாரையும் காணவில்லை. வலப்பக்கம் பற்றைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆராவது போறியளோ?"

நான் நின்றேன். வழியிலிருந்து இருபது அடி தள்ளி, புல்லுக்கு மேலால் ஒரு பெண்ணின் தொப்பி தெரிந்தது. ஐம்பது வயது மதிக்கலாம். காலையில் தொடக்க இடத்தில் அவரைக் கண்டிருந்தேன், கனடாவிலிருந்து வந்தவர்.

"உதுக்குள்ளை ஏன் அக்கா போனனீங்கள்?" என்று நான் கத்தினேன். உதவி கேட்கிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குக் கோபம் வந்தது, பயத்தில் வருகிற கோபம்.

"ஒதுக்குப்புறமா ஒருக்காப் போவமெண்டு வந்தனான். கிடங்கொண்டு கிடந்தது தெரியேல்லை. கால் முறிஞ்சுபோச்சுப் போலை."

அது பழைய பதுங்குகுழி. மண் மூடி, புல் மூடிக் கிடந்திருக்கிறது. அவருக்கு எப்படித் தெரியும், பன்னிரண்டு வயதில் நாட்டை விட்டுப் போனவர்.

"அக்கா, அசையாமல் இருங்கோ. தண்ணீர்ப் பந்தலிலை சொல்லி ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"போகாதையுங்கோ தம்பி" என்றார் அவர். "தனிய விட்டிட்டுப் போகாதையுங்கோ."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஓடுவதற்குக் கால் தயாராக இருந்தது, நல்லாகப் பழகிய கால். அப்போதுதான் புல்லைப் பார்த்தேன். அவர் நடந்துபோன இடமெல்லாம் புல் சரிந்து கிடந்தது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவர் மிதித்த இடம் மிதிபட்ட இடம்தானே. வலது காலைத் தூக்கி அவருடைய முதல் அடியில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மற்றக் காலை அடுத்ததில் வைத்தேன். சிறுபிள்ளை நடை பழகுகிறது போலத்தான் போய்ச் சேர்ந்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கால் முறிஞ்சது எனக்கு, நீங்கள் ஏன் தம்பி அழுறியள்?" என்று கேட்டார்.

பின்னால் வந்த ஓட்டக்காரர்களிடம் சொல்லியனுப்பினோம். பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆனது. அதுவரை அவர் ரொறன்ரோவில் பனிக்குள் ஓடுகிற கதையும், மகள் திட்டப்போகிற கதையும் சொன்னார். என் நேரம் முடிந்துவிட்டது, போட்டி போய்விட்டது. எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை. அவரை ஆஸ்பத்திரி வாகனத்தில் ஏற்றிவிட்டு, அதே பெட்டியில் ஏறிக் கடற்கரைக்குப் போனேன்.

அண்ணை ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். நான் பெட்டியிலிருந்து இறங்குவதைக் கண்டதும் முகம் மாறி, "என்னடா, விழுந்திட்டியோ?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வளவைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காத இரண்டு பேரும் இனித் திறக்கலாம் என்று எனக்குப் பட்டது. பயந்ததைச் சொன்னேன், கால் எழும்பாமல் நின்றதைச் சொன்னேன், பிறகு இறங்கியதைச் சொன்னேன். பரிசு வாங்கிவந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவ நடந்த அடியிலை கால் வைச்சோ போனனீ?" என்றார்.

"ஓம் அண்ணை. ஒரு அடியும் பிசகேல்லை."

அவர் கடலைப் பார்த்தார். பிளேன்ரீக் கோப்பையை ஸ்கூட்டர் சீற்றில் வைத்தார்.

"வளவிலை அண்டைக்கு முதல்நாள் மழை" என்றார். "மண்ணிலை என்ரை அடி ஒவ்வொண்டும் தெரிஞ்சது. நீயும் வந்திருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஏதாவது திருப்பிச் சொல்ல இருந்திருக்கும். "நான் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வராட்டி..." என்று தொடங்கினேன்.

"கூட்டிக்கொண்டு வரத்தான் வேணும். கால் எப்பிடியும் போயிருக்கும். நான் காலைச் சொல்லேல்லை. கொஞ்சநேரம் பக்கத்திலை இருந்திட்டுப் போயிருக்கலாம்."

"ஏன் அண்ணை இவ்வளவு வருசமும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

முடிவிடத்தில் யாரோ வந்து சேர்ந்திருக்கவேண்டும், சனம் கைதட்டியது. நான் மணலில் குந்திவிட்டேன். இனிக் கேட்காமல் இருக்க முடியாது.

"நான் போனாப்பிறகு என்ன அண்ணை செய்தனியள்?"

"என்ன செய்யிறது" என்றார் அண்ணை. "நீ ஓடுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தன். ஊரிலை ஒரு சனமும் இல்லைத்தானே. கனதூரம் கேட்டது."