வழியனுப்பும் லட்டு

கைவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வீரசாமி வாயைத் திறக்கிறார். கிளம்புகிற வீட்டு அம்மாள் ஒரு லட்டை முழுசாக உள்ளே வைக்கிறாள். எங்கள் தீவின் நாடி நகர விமான நிலையத்தில் சுமை ஏற்றும் இந்த மனிதருக்கு ஒரு கொள்கை உண்டு: ஊரை விட்டுப் போகிறவர்கள் ஊட்டும் இனிப்பை மறுக்கக் கூடாது, மறுத்தால் அவர்கள் பயணம் விளங்காது. ராணுவம் பார்லிமெண்டுக்குள் புகுந்ததிலிருந்து இந்திய வழி வந்த நம்மவர்கள் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் கிளம்பிய வண்ணம் இருக்கிறார்கள். லட்டுக்குப் பஞ்சமே இல்லை.

"ராக்கிராக்கி சக்கரெ மில்லு சங்கு கேட்டு வளந்தவன் நான். சக்கரெ தின்னா பலந்தானே வரும்?" என்பார்.

முதலில் வரத்தான் செய்யும். அம்மிக்கல்லைத் திணித்த பெட்டியைக்கூட அலுங்காமல் தூக்கி விமானத்தின் வயிற்றுக்குள் தள்ளுவார். பாதி ஏற்றுவதற்குள் காது அடைக்கும், சில்லென்று வியர்க்கும், கை வெடவெடக்கும். வண்டி நிழலில் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று மேற்பார்வையாளர் ஹ்யூபர்ட் முடிவுகட்டிவிட்டார். இன்னொரு தரம் உட்கார்ந்தால் துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியாயிற்று. பாவம், அந்த வாயில் லட்டைத் தவிர வேறெதுவும் போனதில்லை.

பக்கத்து ஊர் நமாகா ஆஸ்பத்திரி நர்ஸ் சமந்தாதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். வெறும் வயிற்றில் இனிப்பு விழுந்தால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும்; அதை இறக்க உடம்பு இன்சுலினைச் சுரக்கும். அந்த நேரம் பார்த்து இவர் சுமை தூக்குகிறார். தசைகளும் தம் பங்குக்கு உறிஞ்சிக்கொள்ள, சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடுகிறது. எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருக்கு ஆகும் என்றாள். வேலைக்கு வெகு முன்னாலேயே மரவள்ளிக்கிழங்கை வயிறாரத் தின்னுங்கள், தூக்கப்போகிற நேரத்தில் லட்டு வேண்டாம் என்றாள்.

கிழங்கைத் தின்றார். லட்டை விடவில்லை.

"போறவங்க மூஞ்சியெ பாத்து வேணாம்னு எப்பிடிம்மா சொல்றது? ஏத்தி ஏத்தி ஊரே காலியாவுது. எனக்கே அலுத்துப்போச்சு."

போன வியாழக்கிழமை அவருடைய ஒரே மகள் ரோஷிகா புருஷனோடு ஆக்லாந்துக்குக் கிளம்பினாள். அவள் பெட்டியைத் தன் கையால் ஏற்ற வேண்டும். விமானப் படியில் நின்று அவள் திரும்பிப் பார்க்கும்போது அப்பன் கீழே விழுந்து கிடக்கக் கூடாது. அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அம்மா ஜான்கி பிடித்துக் கொடுத்த லட்டை நீட்டி, வாயைத் திறக்கச் சொல்லி, இந்தியில் "பா, முங் கோலோ" என்றாள். வீரசாமி திறந்தார். வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அவள் தலையில் கை வைத்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய், அதை மெள்ள எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று கை நடுங்கவில்லை. எல்லாப் பெட்டியும் ஏறியது. ரோஷிகா படியில் நின்று திரும்பியபோது, அவர் இறக்கைக்கு அப்பால் தூண் மாதிரி நின்று கையை ஆட்டினார். கதவு மூடிற்று. விமானம் கடல்பக்கம் சாய்ந்து மறைகிறவரை அப்படியே நின்றார்.

அடுத்த விமானத்துக்கான பெட்டிகள் வந்துவிட்டன. ஹ்யூபர்ட் கூப்பிட்டார். வீரசாமி வண்டி நிழலில் உட்கார்ந்து, கைக்குட்டையை அவிழ்த்து, நொறுங்கிப்போன லட்டைத் துளிகூடச் சிந்தாமல் வாயில் போட்டுக்கொண்டார்.