பூட்டாத கருத்துப் பெட்டி

அவளுக்குப் பல் செட் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சின் மேல் மெழுகை உருக்கி, அதில் பற்களை வரிசையாகப் பதித்து, தேய்த்து மெருகேற்ற வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் சாயங்காலம் கழுத்து மரத்துப்போகும். கூட வேலை செய்பவர்கள் அவளை ‘ஒத்தப்பை’ என்று கூப்பிட்டார்கள். ஆண்டுக்கொரு முறை முதுகில் ஒரே ஒரு பையை மாட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்பிவிடுவாள் என்பதால் வந்த பெயர்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியறையில் இருந்தாள். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் தங்கை அதே பாட்டைத்தான் பாடுவாள்.

“ஏன்க்கா, இந்த வயசுல முன்னப்பின்ன தெரியாதவங்களோட ஒரே ரூம்ல, மேல்கட்டில்ல ஏறிப் படுக்கணுமா? விழுந்து இடுப்பை ஒடச்சுக்கிட்டு வந்தா யாரு பாக்குறது?”

“ஒண்ணும் ஆகாது, விடு,” என்பார் தங்கையின் கணவர். “பையில எடை ஏறிடும்னு நாலு சட்டைய ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கிட்டுப் போறாங்க. விழுந்தாலும் மெத்தையில விழுந்த மாதிரிதான் இருக்கும்.”

“சிரிங்க மாப்பிள்ளை. உங்களையும் ஒருநாள் கூட்டிட்டுப் போய் விமான நிலையத்து நாற்காலியில படுக்க வைக்கிறேன்,” என்பாள் அவள்.

எங்கே இலவசமாகக் குளிக்கலாம், எந்தக் கடையில் சாயங்காலமானால் ரொட்டி பாதி விலை, எந்தப் பேருந்தில் கடைசி இருக்கை சாயாது என்றெல்லாம் தன் வலைப்பக்கத்தில் எழுதுவாள். முன்பு இணையத்தில் ஒரு பயணக் குழுவில்தான் எழுதிக்கொண்டிருந்தாள். பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டுப் போன ஒரு நிறுவனத்தைப் பற்றி அங்கே எழுதியபோது, காரணம் சொல்லாமல் தூக்கிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் சொந்தப் பக்கம். அதன் தலையில் ஒரு வரி போட்டு வைத்திருந்தாள்: ‘இங்கே யார் எழுதியதும் அழிக்கப்படாது.’ அவளையே கண்டபடி திட்டியவர்கள் உண்டு. அந்தத் திட்டும் அப்படியே இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கடைசியாக அவள் போய் வந்த நாட்டில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் தங்கினாள். வயதான ஒருவர் தன் வீட்டு அறைகளில் கட்டில் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். முன்பு ஒரு செய்தித்தாளில் பிழை திருத்துபவராக இருந்தவர்; அரசாங்கம் அந்தத் தாளை மூடிவிட்டது. விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் இயந்திரம் சமையலறையில் இருந்தது. அது கடகடவென்று சுற்றும்போது மட்டும்தான் அவர் வாயைத் திறப்பார். அவள் விரிப்புகளை மடித்துக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான்.

“எங்க பத்திரிகையில தப்பு ஏதும் வராம பார்த்துக்கிட்டேன். கடைசியில உண்மை வந்ததுக்காக மூடிட்டாங்க,” என்றார் ஒருநாள். அதற்கு மேல் சொன்னதும் உண்டு: யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தவர்கள் எப்படி வந்தார்கள்.

“இதை நான் எழுதலாமா?” என்று கேட்டாள்.

அவர் இன்னொரு விரிப்பை எடுத்து அவளிடம் நீட்டினார். “எழுதுங்க. என்னை மட்டும் விட்டுடுங்க.”

ஊர் திரும்பியதும் எழுதினாள். ஊர் பெயர் இல்லை, அவர் தொழில் இல்லை, ரயில் நிலையம் இல்லை; வீட்டுக்காரரை ஒரு பெண்ணாகவே மாற்றிவிட்டாள். ஆனால் சமையலறை இயந்திரத்தை மட்டும் விட மனசு வரவில்லை. அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். கருத்துகள் கொட்டின.

மூன்றாம் நாள், தேநீர் இடைவேளையில் தூள் படிந்த விரலால் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பல வருடமாக அவளைப் படிக்கும் ஒரு வாசகர் ஆசை ஆசையாக எழுதியிருந்தார்: “இந்தச் சமையலறையை நான் பார்த்திருக்கிறேனே! ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வீடுதானே? அவர் பெண் இல்லை, தங்கமான மனிதர். யாரும் தவறவிடாதீர்கள்.” கீழே வீட்டின் படமும் முகவரியும்.

அழித்துவிடலாம் என்று விரல் போனது. ஆனால் அந்த வாசகர் கெட்டது நினைத்து எழுதவில்லை. ஒன்றை அழித்தால் நாளைக்கு இன்னொன்றை அழிக்கத் தோன்றும். அப்புறம் அந்தக் குழுவுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? சாயங்காலம் யோசிக்கலாம் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் வேலை மிஞ்சிவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்திருந்தது. “கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்தேன். நீங்கள் எழுதியது நன்றாக இருக்கிறது. அந்த ஒரு கருத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா?” அவ்வளவுதான்.

உடனே எடுத்துவிட்டாள். எடுத்து என்ன பயன்? அதற்குள் யாரோ அந்தக் கருத்தைப் படம் பிடித்து வேறு இடங்களில் போட்டிருந்தார்கள். கருத்துப் பெட்டியில் சண்டை ஆரம்பித்தது. ‘அழிக்கப்படாது என்று மேலே எழுதிவிட்டுக் கீழே அழிக்கிறாயே, வெட்கமாக இல்லையா?’ என்று ஒருவர். ‘பயந்தாங்கொள்ளி’ என்று இன்னொருவர். ‘எவ்வளவு வாங்கினே?’ என்று ஒருவர். முகவரி போட்ட வாசகரோ, தன் கருத்தைக் காணோமே என்று மனம் நொந்து நீளமாக எழுதியிருந்தார். காரணத்தைச் சொன்னால் அந்த முகவரி உண்மைதான் என்று ஊருக்கே சொன்னது போலாகும். அதனால் அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

“ஏன்க்கா சரியா சாப்பிடலை?” என்றாள் தங்கை. அவள் நடந்ததைச் சொன்னாள்.

மாப்பிள்ளை இந்த முறை சிரிக்கவில்லை. “நீங்க என்ன வேணும்னாலும் எழுதிட்டு இங்க வந்து படுத்துக்கலாம்க்கா. அவரு அங்கதானே படுக்கணும்,” என்றார்.

“தெரியுது மாப்பிள்ளை.”

“நான் குத்தமா சொல்லலை.”

“அதுவும் தெரியுது.”

சில வாரங்கள் வீட்டுக்காரரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் வேலையில் ஒரு கீழ்வரிசையை மாற்றிப் பதித்து, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒருநாள் அவரே குரல் செய்தி அனுப்பினார். அரசாங்க ஆட்கள் வந்து கேள்வி கேட்டார்களாம். அடிக்கவில்லையாம். வீட்டை வாடகைக்கு விடும் உரிமத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். “இப்போ மக வீட்டுல இருக்கேன். நாலாவது மாடி. படி ஏறத்தான் முடியலை. மத்தபடி பரவாயில்லை. நீங்க அந்தக் கட்டுரையை எடுத்துடாதீங்க,” என்றார். பின்னால் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது.

தன் மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவரோ படிக்கட்டைப் பற்றித்தான் குறைபட்டார்.

கட்டுரை இருந்தது. பக்கத்தின் தலையில் இருந்த வரியை எடுத்தாள். வேறு வரி எழுத உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்த்தாள். எதை எழுதினாலும் ஏதோ அலுவலகத்துச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி இருந்தது. கடைசியில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டாள்.

இப்போது யார் கருத்து எழுதினாலும் முதலில் அவளிடம்தான் வந்து நிற்கும்; அவள் அனுமதித்தால்தான் பக்கத்தில் வரும். ஆய்வுக்கூடத்தில் பல்லைத் தேய்த்துவிட்டு வந்து, மாடியறையில் கழுத்தைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். இது அவள் கேட்டு வாங்கிய வேலையில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. இந்த ஆண்டு எங்கே போகிறாள் என்று ஆய்வுக்கூடத்தில் கேட்கிறார்கள். இன்னும் பார்க்கவில்லை என்கிறாள்.

நேற்று இரண்டு கருத்துகள் காத்திருந்தன. ‘வாய்ப்பூட்டு அக்கா, இதையாவது வெளியிடுவியா, இல்லை இதையும் முழுங்கிடுவியா?’ என்றது ஒன்று. அதை அனுமதித்தாள். இன்னொன்று மிக மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. கட்டுரை கண்ணீர் வரவழைத்ததாம். அந்தப் பெரியவர் இப்போது எந்த ஊரில், யாரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் போய்ப் பார்த்து உதவி செய்யலாமாம். உண்மையாகவே உதவ நினைப்பவராக இருக்கலாம். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அழித்தாள்.

“சாப்பாடு ஆறுதுக்கா,” என்று கீழேயிருந்து தங்கை கூப்பிட்டாள்.

“வரேன்,” என்றாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.