மேல்கோட்டைப் படியில் ஒரு ஏகாதசி

தொண்டனூர் ஏரிக்கரை மாந்தோப்பில் கூடாரம் அடித்தால் நல்ல காற்று வரும் என்று யோசனை சொன்னவனே நான்தான். சர்க்கார் விருந்தாளிகளாக வந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு அந்த ஊர்க் கோயிலையும் மேல்கோட்டையையும் சுற்றிக் காட்ட, தற்காலிகக் குமாஸ்தாவான என்னையும் என் மேலதிகாரியையும் மைசூரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மேலதிகாரி அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வீட்டில் மாமா, சர்க்கார் கச்சேரியில் எஜமான். முகாம் முடிந்ததும் அவர் எழுதப்போகும் இரண்டு வரியை நம்பித்தான் என் வேலை நிரந்தரமாவது இருந்தது.

கடைசி நாள் ஏகாதசி. எங்கள் குடும்பத்தில் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

"உபவாசம்தானேடா? பேஷ். நானும்தான்" என்றார் மாமா, பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டே.

சற்று நேரம் கழித்து, வண்டி தயார் என்று சொல்ல விருந்தாளிகளின் கூடாரத் திரையை விலக்கினேன். மாமாவின் வாய் நிறையக் கேக். முட்டை போட்ட கேக். என்னைப் பார்த்தார், மென்றுகொண்டேயிருந்தார்.

உச்சி வெயிலில், விருந்தாளிகளின் காமிரா ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு மேல்கோட்டை நரசிம்மர் மலைப் படிகளில் ஏறினேன். பாதியில் கண் இருட்டிச் சரிந்துவிட்டேன். ஸ்டாண்டு உருண்டுபோய் அதன் ஒரு கால் முறிந்தது. துரைசானி பதறிப்போய், இவருக்கு என்ன என்று மாமாவைக் கேட்டாள். அவன் இன்று விரதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், அப்படியானால் நீங்கள் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வருமே!

"எப்போதுமே சீக்காளி" என்றார் இங்கிலீஷில்.

நானாவது வாயைத் திறந்திருக்கலாம். விரதத்தை அயலாரிடம் சொல்லிக்காட்டினால் பலன் போய்விடும் என்று வளர்க்கப்பட்டவன். பலனைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டேன், மடையன்.

அன்று சாயங்காலமே ரயிலேறி மைசூர் திரும்பினோம். மறுநாள் விடிந்ததும், விரதம் முடிக்கும் துவாதசிப் பாரணைக்கு மாமா எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். வெளி வேலைக்கு என் உடம்பு லாயக்கில்லை என்று எழுதிய காகிதம் அப்போது அவர் கோட்டுப் பையில் இருந்தது. கூடாரத்தைப் பிரிக்கும் முன்பே எழுதிவிட்டாராம். எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.

"பாவம், நேத்தெல்லாம் பட்டினி. முதல்ல மாமாவுக்குப் போடுடா" என்றாள் அம்மா.

அகத்திக்கீரையை நானே அவர் இலையில் வைத்தேன்.

"வெறும் வயித்துக்கு இதுதான்டா அமிர்தம்" என்று இன்னொரு தரம் கேட்டார். போட்டேன்.