கோலத்தை நம்பி நுழைந்த வீடு

நாலைந்து வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம், தில்லி கிட்வாய் நகரில் எங்கள் அரசுக் குடியிருப்பில் நடந்தது இது. அந்த மாதம் முழுக்க நான் 'உர்'ரென்றுதான் இருந்தேன். பின்னே? சிம்லா போகலாம், பனியில் விளையாடலாம் என்று ஆசை காட்டிவிட்டு, கடைசி நேரத்தில் என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக குவாஹாட்டிக்கு டூர் கிளம்பிவிட்டார். நானும் நாலு வயது மகளும் வீட்டோடு. போனைத் திறந்தால் பக்கத்து பிளாக் ஆட்கள்கூட ஏதோ மலை உச்சியில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ விடிந்தால் கோலம், பால், காபி, குக்கர். இந்த வீட்டை விட்டு எங்கேயாவது ஓடிப் போனால் தேவலை என்று வாய்விட்டே புலம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று விடிகாலை, வாசலில் அவசரமாக ஒரு கோலத்தை இழுத்துவிட்டு, தூங்குகிற குழந்தையை ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் நன்றாகப் பொதிந்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பால் வாங்கப் போனேன். பால் பூத் தெருமுனையில்தான். அவள் புரண்டு படுப்பதற்குள் திரும்பிவிடுவேன். போகும்போதே பனிமூட்டம் இருந்தது. திரும்பும்போது உலகத்தையே காணோம். நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. எங்கோ பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் உறுமியது, ஆனால் ஸ்கூட்டரைக் காணவில்லை. "பையா, ஜல்தி கரோ" என்று காதோரத்தில் யாரோ யாரையோ இந்தியில் அவசரப்படுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை.

எங்கள் காலனியில் எல்லா பிளாக்குக்கும் ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. பட்டப்பகலிலேயே விருந்தாளிகள் வீடு மாறிப் போவார்கள். பிளாக் எண்ணைப் பார்க்கலாமென்றால் அது மேலே எங்கோ பனிக்குள் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே தட்டுத்தடுமாறி நடந்தேன். எந்தத் திருப்பத்தில் திரும்பினேன் என்பதே மறந்துவிட்டது. இன்னும் நாலு அடி வைத்தபோது, காலடியில் வெள்ளையாக ஒரு கோலம். அப்பாடா! எங்கள் வரிசையில் கோலம் போடுகிற ஒரே ஆள் நான்தான். படியேறிச் சாவியை எடுத்தேன்.

கதவில் பூட்டு இல்லை. லேசாகத் திறந்துதான் இருந்தது.

உள்ளே ஓடினேன். கட்டில் இல்லை, சோபா இல்லை, ஒரு பாத்திரம்கூட இல்லை. ஜன்னல்களைப் பெயர்த்திருந்த ஓட்டைகள் வழியாக வந்த பனி, ஹாலுக்குள் நின்றுகொண்டிருந்தது. அதே ஹால். அதே பக்கத்தில் சமையலறை. சாமி படம் மாட்டுகிற அதே மூலையில் ஆணி. என் குழந்தை படுத்திருந்த இடத்தில் வெறும் சிமென்ட் தரை. மூளை இருக்கிற எவளும் வேறு வீடு என்று உடனே புரிந்துகொண்டிருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஓடிப் போகணும் என்றாயே, இந்தா, வீடே உன்னை விட்டு ஓடிவிட்டது என்றுதான் தோன்றியது.

"பாப்பா!" என்று கத்தினேன். குரல் சுவரெல்லாம் முட்டித் திரும்பி வந்தது. சமையலறைக்குள் யாரோ இருமினார்கள்.

சால்வையை முக்காடாகப் போட்ட ஒரு பெண் வெளியே வந்தார். கையில் ஒரு டப்பா. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பேய்க்குக் கால் கிடையாது என்று சின்ன வயதில் கேட்டதெல்லாம் ஒட்டுமொத்தமாக ஞாபகம் வந்தது. பால் பை என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"யாரு?" என்று அந்த உருவம் தமிழில் கேட்டது!

"இது என் வீடு... என் பாப்பாவக் காணோம். நீங்க யாரு?"

"இது என் வீடுல்லா," என்றார், மெதுவாக.

 அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்த பிளாக் என்று கேட்டார். எண்ணைத் திக்கித் திணறிச் சொன்னேன். "அது அடுத்த வரிசைல்லா! இது காலி பண்ணுன பிளாக்கு, இடிக்கப் போறாங்க. பதறாதீங்க, வாங்க," என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஐஸாக இருந்தது. அந்தக் கண் தெரியாத பனியில், சொந்தச் சமையலறையில் நடக்கிற மாதிரி ஒரு தயக்கமும் இல்லாமல் நடந்தார்.

என்னவோ பேசினால்தான் உயிர் நிற்கும் போல இருந்ததால், இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கணவர் ரிட்டையர் ஆனதும் வீட்டை ஒப்படைத்துவிட்டார்களாம். இப்போது லோதி ரோடு பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாராம். மார்கழியில் மட்டும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து ஒரு கோலம் போட்டுவிட்டுப் போவாராம். பிறகு, நான் பக்கத்தில் இருப்பதையே மறந்தவர் போலச் சொன்னார்: "இங்க இருந்தவரைக்கும், எப்பதான் இந்த வீட்ட விட்டுப் போவமோன்னுதான் இருந்தேன்."

 அந்த மாதம் முழுக்க நானும் அதைத்தானே புலம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாசல் வந்தது. என்னுடைய கோணல்மாணல் கோலம், என்னுடைய பூட்டு. பூட்டைத் திறந்தேன். உள்ளே சத்தமே இல்லை. அழுகைச் சத்தம் கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ரஜாய்க்குள், விட்டுவிட்டுப் போன மாதிரியே, வாயில் கட்டைவிரலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தைத் தொட்டேன். குளிருகிறது என்பதை இந்தியில் "டண்டா, டண்டா" என்று சிணுங்கி, என் சில்லிட்ட கையைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நன்றி சொல்லத் திரும்பினால் வாசலில் பனிதான் நின்றது. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் கண்டது நிஜமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது, நான் கீழே போட்டுவிட்டு வந்த பால் பை தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பாலில் காபி போட்டுக் குடித்தேன். குக்கர் விசில் அடித்தது. குளியலறையில் குழாய் வழக்கம்போல ஒழுகியது. மகள் ஜவ்வரிசி வடகத்தைப் பச்சையாகத் தின்றுகொண்டு சமையலறையில் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்து, அடுத்த மாதம் கட்டாயம் சிம்லா என்றார். "நீங்க முதல்ல வீடு வந்து சேருங்க, மொட்டை மாடில வெயில் காஞ்சுக்கிட்டு ஆரஞ்சு உரிச்சுத் தின்னலாம்" என்றேன்.  உடம்பு சரியில்லையா என்று கேட்டார், மனுஷர்.

அன்று மதியமே, பனி விலகியபின், அந்தக் காலி வீட்டைப் போய்ப் பார்த்திருந்தேன். அந்த பிளாக் எங்களுக்கு நேர் பின்னாலேயே இருந்தது. வாசலில் இருந்தது நெளிநெளியாக அழகான சிக்குக் கோலம். ஒரு ஓரத்தை என் செருப்பு அழித்திருந்தது. அதன்பின் அந்த அம்மாவை நான் பார்க்கவில்லை, ஆனால் மார்கழி முடியும்வரை கோலம் தினமும் இருந்தது. தை பிறந்ததும் இடிக்கிற மெஷின்கள் வந்தன. ஒரு நாள் காலை பார்த்தால் சுவரும் இல்லை, கதவும் இல்லை. செங்கல் குவியலுக்கு முன்னால் வாசல்படி மட்டும் தனியாக நின்றது. அதன்மேல், மார்கழி முடிந்த பிறகும், புதுக் கோலம் ஒன்று இருந்தது.

எங்கள் வரிசைக்கும் ஒரு நாள் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரும். அதனால் இப்போதும் தினமும் கோலம் போட்டு முடித்ததும், படியில் ஒரு நிமிஷம் நின்று, "இது என் வீடுல்லா" என்று அந்த அம்மாவின் குரலிலேயே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அப்படிச் சொன்னால் உள்ளேயிருந்து "அம்மா" என்று ஒரு குரல் பதில் கொடுக்கிறதே, அந்தச் சந்தோஷத்துக்காக நான் எந்த மலைக்கும் போக வேண்டியதில்லை.